அச்சில் நிறம் பிசகுகிறதா? கருவி வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

"எந்தப் புரொஃபைல் கருவி வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம், அச்சில் என்ன கோளாறு என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். (ஒரு பிரிண்டரும் காகிதமும் நிறத்தை எப்படிக் காட்டும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கோப்புதான் புரொஃபைல்; அளந்து அதைச் செய்யும் கருவியைத்தான் கேட்கிறார்கள்.) "கலர் சரியில்லை" என்பதுதான் பெரும்பாலும் பதில். நிறம் சரியில்லாமல் போகப் பல காரணங்கள் உண்டு. விலை உயர்ந்த கருவி தீர்ப்பது அவற்றில் இரண்டு மூன்றைத்தான். மற்றவை டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) ஒரு சொடுக்கிலோ, விளக்கை மாற்றுவதிலோ, காகித நிறுவனம் இலவசமாகத் தரும் ஒரு கோப்பிலோ தீர்ந்துவிடும். ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம். கருவியும் மென்பொருளும் தேவைப்படும் இடத்தில் அவற்றைப் பற்றிப் பேசலாம்.

எப்சன் ஷ்யூர்கலர் பி700, பி900, கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-300, புரோ-1000 போன்ற நிறமி மை பிரிண்டர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். காகிதம் பருத்தி இழை அல்லது பரைட்டா (பளபளப்பான பூச்சுள்ள புகைப்படக் காகிதம்). மென்பொருள் ஃபோட்டோஷாப் அல்லது லைட்ரூம். ஸ்டுடியோக்களில் ஓடும் டை மை (கரைந்த சாயம்) பிரிண்டர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் தொடங்கும் முன் இரண்டு வேலைகள். முதலில் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) சோதனைத்தாளை அச்சிட்டு, கோடுகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நிறத்தில் சில நாசில்கள் அடைத்திருந்தால் கீழே வரும் எதுவும் பலிக்காது. அடுத்து, நீங்கள் எடுத்த படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். தோல் நிறங்கள், சாம்பல் படிக்கட்டு, மென்மையான நிறச்சரிவுகள் எல்லாம் அடங்கிய பொதுச் சோதனைப் படம் ஒன்றை இறக்கி, அதில் எதையும் திருத்தாமல் அச்சிடுங்கள். அந்தப் படம் சரியாக வந்து உங்கள் படம் மட்டும் கெட்டால், தவறு அச்சில் இல்லை. நீங்கள் திருத்திய திரையில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே வழக்கு பாதி முடிந்துவிடும்.

திரையில் பளிச்சென்று இருக்கிறது. அச்சு இருண்டு வருகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். புரொஃபைல் இதற்குக் காரணமாக இருப்பது மிக அரிது. கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கு (ஒளிர்வின் அலகு) மேல் ஒளிரும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். அளவுக்கு மீறி ஒளிரும் திரையில் படம் ஏற்கெனவே வெளிச்சமாகத் தெரிவதால், நிழல் பகுதிகளைத் தூக்கிவிட வேண்டும் என்றே உங்களுக்குத் தோன்றாது. கோப்பு உண்மையில் இருண்டே இருக்கிறது. பிரிண்டர் அதை நேர்மையாக அச்சிட்டுத் தருகிறது.

கருவி எதுவும் இல்லாமலே ஒரு சரிபார்ப்பு செய்யலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் அச்சுக் காகிதத்தின் வெற்றுத்தாளைப் பிடியுங்கள். திரை விளக்குப்போல் எரிந்து, தாள் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், இரண்டும் ஒத்துவரும் வரை திரையின் ஒளியைக் குறையுங்கள். குறைத்த திரையில் பழைய கோப்பைத் திறந்ததும் அதுவும் அச்சைப் போலவே இருண்டு தெரியும்.

மறுபக்கம், அச்சைப் பார்க்கும் வெளிச்சம். அச்சு பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம், நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸையும் (விழும் வெளிச்சத்தின் அலகு), சாதாரணமாகப் பார்த்து மதிப்பிட 500 லக்ஸையும் வைத்திருக்கிறது. இரண்டுமே டி50 என்னும் 5000 கெல்வின் ஒளியில். இரவில் வீட்டுக் கூடத்துக் குழல்விளக்கில் 500 லக்ஸ் கிடைப்பது கடினம். பகலில் நேர்வெயில் படாத ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே அச்சு தெளிந்தால், பிரிண்டரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு விளக்கை மாற்றுங்கள்.

இந்த அறிகுறிக்கு வாங்க வேண்டிய கருவி கலரிமீட்டர்: கேலிப்ரைட் நிறுவனத்தின் டிஸ்ப்ளே வரிசை, டேட்டாகலரின் ஸ்பைடர் வரிசை. இது திரையை மட்டும் அளக்கும், அச்சை அளக்காது. சில நிறவடிகட்டிகளின் வழியே திரையிலிருந்து வரும் ஒளியை அளக்கும் கருவி இது. காகிதத்தை அளக்க வேண்டுமானால் கருவிக்குத் தனக்கென ஒரு விளக்கும், ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்கும் அமைப்பும் வேண்டும். அதுதான் ஸ்பெக்ட்ரோ. இந்த வேறுபாடு தெரியாமல் கலரிமீட்டரை வாங்கிவிட்டு, "அச்சுக்கு எங்கே செருகுவது?" என்று தேடுபவர்கள் இன்றும் உண்டு.

தொடக்க அமைப்பாக 100 கேண்டெலா, வெண்புள்ளி டி65, காமா 2.2 வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் திரையின் பின்விளக்கு வகையைக் கேட்கும்போது அசட்டையாக 'அடுத்து' என்று தட்டாதீர்கள். அகன்ற நிறவெளி (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) கொண்ட திரைக்குச் சாதாரண வெள்ளை எல்இடி என்று தேர்ந்தெடுத்தால், அளந்து முடித்த பிறகும் வெள்ளையில் பச்சையோ இளஞ்சிவப்போ தங்கும். நண்பர் இலவசமாகத் தரும் பழைய கலரிமீட்டரிலும் கவனம் தேவை. பழைய வகைகளில் இருந்த வடிகட்டிகள் வருடக்கணக்கில் வெளிறிப்போகும். கருவியோடு வரும் மென்பொருளே பெரும்பாலோருக்குப் போதும். நுணுக்கம் வேண்டுபவர்களுக்கு டிஸ்ப்ளேகால் இருக்கிறது. அதன் மூலப் பதிப்பின் வளர்ச்சி நின்றுவிட்டது. தன்னார்வலர்கள் புதிய பைத்தானுக்கு மாற்றிப் பராமரிக்கும் பதிப்பை நிறுவுங்கள். தானாக ஒளி மாற்றும் வசதி, இரவு நேர மஞ்சள் திரை இரண்டையும் அணைத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

நாளைக் காலை அச்சைக் கொடுத்தாக வேண்டும், திரையை அளக்க நேரமில்லை என்றால், லைட்ரூமின் அச்சுப் பகுதியில் உள்ள ஒளி கூட்டும் வசதி கைகொடுக்கும். அவசரத்துக்கு மட்டும்.

முகங்கள் சிவந்து, படம் முழுவதும் மெஜந்தா ஏறியிருக்கிறது

நிறத்தை இரண்டு பேர் திருத்திவிட்டார்கள். ஃபோட்டோஷாப் புரொஃபைலைக் கொண்டு எண்களை மாற்றி அனுப்புகிறது. பிரிண்டர் டிரைவர் அதைச் சாதாரணக் கோப்பு என்று எண்ணித் தன் பங்குக்கு மறுபடி மாற்றுகிறது. ஒருவரை நிறுத்தினால் சரியாகிவிடும்.

அச்சுப் பெட்டியில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' தேர்ந்தெடுத்து, அந்தப் பிரிண்டருக்கும் காகிதத்துக்கும் உரிய புரொஃபைலைக் கொடுங்கள். பிறகு டிரைவருக்குள் போய், எப்சனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்றும், கேனனில் நிறத்திருத்தம் வேண்டாம் என்றும் வையுங்கள். மேக் கணினியில் பல பிரிண்டர்களுக்கு இந்த இரண்டாவது படி தானாகவே நடந்துவிடும். அந்தப் பகுதி மங்கித் தொடமுடியாமல் இருக்கும். விண்டோஸில் நீங்கள்தான் அணைக்க வேண்டும். அணைத்ததை ஒரு பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். டிரைவர் மறுமுறை திறக்கும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் பழக்கம் உள்ளது.

இதற்காகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இந்த அறிகுறியை வைத்துக்கொண்டு ஸ்பெக்ட்ரோ வாங்கினால், அது அளப்பதற்கான நிறக்கட்டங்கள் கொண்ட சோதனைத்தாளையும் இதே தவறோடுதான் அச்சிடுவீர்கள்.

நிறங்கள் சாரமில்லாமல் வெளிறி வருகின்றன

அகன்ற நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் உள்ள கோப்பை எங்கோ ஒரு படியில் குறுகிய எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளி அச்சு லேப்புக்கு அனுப்பிய கோப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். லேப் எஸ்ஆர்ஜிபி கேட்டால் அதற்கு மாற்றியே கொடுங்கள். புரொஃபைலைக் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள். மாற்றுவது வேறு, பெயரை மட்டும் ஒட்டுவது வேறு. ஃபோட்டோஷாப்பில் 'கன்வர்ட்' செய்ய வேண்டும், 'அசைன்' செய்யக்கூடாது.

சொந்தப் பிரிண்டரில் மேட் காகிதத்தில் இப்படி வந்தால், தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கலாம். பருத்திக் காகிதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். லேசாக ஈரமாக்கிய விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்; பூச்சுள்ள பக்கம் சற்று ஒட்டும்.

ஒரு காகிதத்தில் அருமை, இன்னொன்றில் சேறு

புரொஃபைல் என்பது பிரிண்டருக்கு மட்டும் உரியதல்ல. பிரிண்டர், மை, காகிதம், டிரைவரில் தேர்ந்தெடுக்கும் காகித வகை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எவ்வளவு மை இறங்க வேண்டும் என்பதைக் காகித வகைதான் தீர்மானிக்கிறது. ஹானமூலே, கேன்சன் போன்ற நிறுவனங்கள் பிரபலமான பிரிண்டர்களுக்கு இலவசப் புரொஃபைல் தருகின்றன. எந்தக் காகித வகையைத் தேர்ந்தெடுத்து அது தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பையும் அதோடு தருகின்றன. அதைப் படிக்காமல் தாள் பளபளப்பாக இருக்கிறதே என்று 'கிளாஸி' போட்டுவிட்டால் புரொஃபைல் பயனற்றது.

மேட் காகிதத்துக்கு மேட் கறுப்பு, பரைட்டாவுக்கு ஃபோட்டோ கறுப்பு. இதை முடிவுசெய்வதும் காகித வகைத் தேர்வுதான். பி700, பி900 பிரிண்டர்களில் இரண்டு கறுப்புக்கும் தனித்தனி நாசில் உண்டு. முந்தைய பி600, பி800 மாதிரிகளில் இரண்டும் ஒரே வழியைப் பகிர்வதால், மாற்றும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். அந்தச் சலிப்பில் மாற்றாமலே அச்சிட்டு, கறுப்பு கையில் ஒட்டுகிறது என்பவர்களும் உண்டு.

நிறுவன மைக்குப் பதில் வேறு மை ஊற்றி ஓட்டுபவர்களுக்கு இலவசப் புரொஃபைல் பொருந்தாது. அவர்கள் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, ஆனாலும் சாம்பலில் லேசான சாயம், தோலில் சிறு பிசகு

இங்கேதான் ஸ்பெக்ட்ரோவுக்கு வேலை. இலவசப் புரொஃபைல் வேறு எங்கோ இருந்த ஒரு பிரிண்டரை அளந்து செய்தது. ஒரே மாதிரியின் இரண்டு பிரிண்டர்களுக்கு இடையே இன்று பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. சோதனைப் படத்தின் சாம்பல் படிக்கட்டில் சாயம் தெரிகிறது, நாசில் சரி, அமைப்புகள் சரி, விளக்கும் சரி என்றால் தனிப் புரொஃபைல் செய்யலாம்.

முதல் கேள்வி கருவியே வேண்டுமா என்பது. நீங்கள் அச்சிடுவது இரண்டு காகிதங்களில் மட்டும், மை நிறுவனத்துடையது என்றால், சோதனைத்தாளை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிப் புரொஃபைல் செய்து வாங்குவதே லாபம். அவர்களிடம் இருப்பது உங்களால் வாங்க முடியாத கருவியாக இருக்கும். காகிதங்களை மாற்றி மாற்றிப் பரிசோதிப்பவர், வேறு மை பயன்படுத்துபவர், பிறருக்கு அச்சிட்டுக் கொடுப்பவர் ஆகியோர் சொந்தமாக வாங்குவதில் பொருள் உண்டு.

சந்தையில் இரண்டு படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் கேலிப்ரைட் கலர்செக்கர் ஸ்டுடியோ. இது புதிய பிறவி அல்ல: எக்ஸ்-ரைட்டின் கலர்மங்கி ஃபோட்டோவாக வந்து, ஐ1ஸ்டுடியோவாகப் பெயர் மாறி, 2021இல் புகைப்படக் கருவிகள் கேலிப்ரைட் பெயருக்குப் போனபோது இந்தப் பெயரைப் பெற்றது. திரை, அச்சு, புரொஜெக்டர் மூன்றையும் அளக்கும். இதன் வழக்கமான முறையில் முதலில் 50 நிறக் கட்டங்கள் கொண்ட தாள். அதை அளந்த பிறகு, அதன் முடிவை வைத்து மென்பொருளே கணக்கிட்டுத் தரும் இன்னொரு 50. மொத்தம் 100 கட்டங்களில் புரொஃபைல் என்பது குறைவாகத் தோன்றும். ஒழுங்காக நடந்துகொள்ளும் இன்றைய பிரிண்டருக்கு நிறுவன மையில் அது வியக்கத்தக்க அளவு நன்றாகவே வருகிறது. கோணல் நடத்தை கொண்ட மைக்குப் போதாது.

மேல்படியில் ஐ1புரோ 3 வகை, ஐ1புரொஃபைலர் மென்பொருளோடு. தாள் முழுக்கச் சிறு கட்டங்கள், ஆயிரக்கணக்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வரிவரியாக இழுத்து வேகமாக அளக்கும். அகன்ற வாயும் பளபளப்பை அடக்கும் துருவமுனைப்பு வடிகட்டியும் கொண்ட பிளஸ் வகை, கரடுமுரடான காகிதத்துக்கும் கேன்வாஸுக்கும் உகந்தது. விலையைப் பொறுத்தவரை, இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பிரிண்டரே வந்துவிடும். ஓவியங்களை மறுபதிப்பாக அச்சிட்டுத் தருபவர் தவிர மற்றவர்கள் இதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். கிரேம் கில் எழுதி இலவசமாகத் தரும் ஆர்கில் சிஎம்எஸ் மென்பொருள். கலர்மங்கியையும் அதன் வாரிசுகளையும் இது நேரடியாக இயக்கும். கட்டங்களின் எண்ணிக்கையை நீங்களே தீர்மானிக்கலாம். நூற்றுக்கணக்கில் வைத்துச் செய்தால் கீழ்ப்படிக் கருவியிலிருந்தே மேல்படிக்கு நெருங்கிய முடிவு கிடைக்கிறது. நிறுவன மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓட மறுக்கும் பழைய கலர்மங்கியையும் இது காப்பாற்றும். விலை என்னவென்றால் எல்லாமே கட்டளை வரியில். 'டார்ஜென்' கட்டங்களை உருவாக்கும், 'பிரிண்ட்டார்க்' தாளாக அடுக்கும், 'சார்ட்ரீட்' அளக்கும், 'கோல்புரோஃப்' புரொஃபைல் ஆக்கும். விண்டோஸில் கருவிக்கு ஆர்கிலின் டிரைவரை நிறுவியவுடன் நிறுவன மென்பொருள் "கருவி இல்லை" என்று சொல்லும். கருவி பழுதாகவில்லை, டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்கு மாற்றினால் திரும்பி வரும்.

சொந்தமாகச் செய்த புரொஃபைல் இலவசத்தைவிட மோசம்

கருவி வாங்கிய முதல் வாரத்தில் வரும் ஏமாற்றம். காரணம் பெரும்பாலும் சோதனைத்தாளை அச்சிட்ட விதம்.

சோதனைத்தாளை எந்த நிறத் திருத்தமும் தொடக்கூடாது. அது நிறத்தைக் காட்டும் படமல்ல, "இந்த எண்ணைக் கொடுத்தால் என்ன மை இறங்குகிறது?" என்ற கேள்வித்தாள். ஃபோட்டோஷாப்பில் நிற மேலாண்மை வேண்டாம் என்று அச்சிடும் வசதி 2010இல் சிஎஸ்5 வந்தபோது நீக்கப்பட்டது. அதற்கென்றே அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்ற சிறு நிரலை வெளியிட்டார்கள். விண்டோஸில் அதைப் பயன்படுத்துங்கள். மேக்கில் கலர்சிங்க் யுடிலிட்டியில் கோப்பைத் திறந்தால், அச்சுப் பெட்டியில் 'பிரிண்ட் அஸ் கலர் டார்கெட்' என்ற தேர்வு இருக்கும். கருவியின் மென்பொருளே நேரடியாக அச்சிட்டுத் தந்தால் இந்தக் கவலை இல்லை. டிரைவரில் திருத்தத்தை அணைப்பது மட்டும் மிச்சம்.

'தாளுக்கு ஏற்பப் பெருக்கு' என்ற தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டங்கள் சுருங்கினால் கருவி வரியை அடையாளம் காணாமல் பிழை ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும்.

பிறகு காயவிடுவது. நிறமி மை சீக்கிரம் நிலைத்துவிடும் என்றாலும் ஒரு நாள் விட்டு அளப்பதே பாதுகாப்பு. டை மையில் முதல் சில மணி நேரத்தில் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி நகரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் அச்சிடுபவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். ஈரத்தாளில் கருவியை இழுத்தால் தாளும் கெடும், கருவியின் வாயும் அழுக்காகும்.

அளக்கும்போது சோதனைத்தாளுக்கு அடியில் அதே காகிதத்தில் இரண்டு மூன்று வெற்றுத்தாள்களை வையுங்கள். மேசையின் மர நிறம் மெல்லிய காகிதத்தின் வழியே ஊடுருவிக் கருவிக்குத் தெரியும். கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும் வெள்ளை ஓடு விரல்ரேகை இல்லாமல் இருக்கட்டும். வரியை ஒரே வேகத்தில் இழுங்கள். அவசரப்பட்டால்தான் பிழை, மெதுவாகப் போனால் இல்லை. சொரசொரப்பான காகிதம் என்றால் முழுத்தாளையும் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஆர்கிலில் அதற்கென்றே 'ஆவரேஜ்' என்று ஒரு நிரல் உண்டு.

முடிவைச் சரிபார்க்கும் ஆர்கிலின் 'புரோஃப்செக்' நிரல் தரும் சிறிய டெல்டா இ (நிற வேறுபாட்டின் அளவு) எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். புரொஃபைல் எந்த அளவீட்டிலிருந்து பிறந்ததோ அதே அளவீட்டோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. சோதனைத்தாளே தவறாக அச்சாகியிருந்தாலும் அந்த எண் அழகாகவே இருக்கும். அளவீட்டில் தப்பிப்போன கட்டங்களைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். உண்மையான தேர்வு, பொதுச் சோதனைப் படத்தை இரண்டு புரொஃபைலிலும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இலவசம் வென்றால் வெட்கப்படாமல் அதையே பயன்படுத்துங்கள்.

வெள்ளை வெளேரென்ற காகிதத்தில் வெளிர் சாம்பல் மஞ்சளடிக்கிறது

காகிதத்தில் ஒளிர்வேதிப்பொருள் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பித் தாளை வெண்மையாக்கும் பொருள் அது. ஹானமூலேயின் 'பிரைட் ஒயிட்' வகையிலும், பெரும்பாலான ரெசின் பூச்சு லஸ்டர் காகிதங்களிலும் இது உண்டு. கருவியின் விளக்கில் புற ஊதா இருந்தால் அது தாளை நீலம் என்று படிக்கும். புரொஃபைல் அதைச் சமன்செய்ய வெளிர் நிறங்களில் மஞ்சளைச் சேர்த்துவிடும். அச்சு தொங்கும் அறையில் புற ஊதா இல்லாவிட்டால் மஞ்சள் மட்டும் மிஞ்சும்.

இதனால்தான் அளவீட்டுத் தரத்தில் எம்0, எம்1, எம்2, எம்3 என்று நிலைகள் வகுத்திருக்கிறார்கள். எம்0 பழைய டங்ஸ்டன் விளக்கு. எம்1 புற ஊதாவோடு கூடிய டி50. எம்2 புற ஊதாவை வெட்டியது. எம்3 அதோடு துருவமுனைப்பும் சேர்ந்தது. ஐ1புரோ 2, ஐ1புரோ 3 இரண்டும் முதல் மூன்றையும் தரும். கலர்மங்கி குடும்பத்தின் விளக்கு வெள்ளை எல்இடி; அதில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. எனவே தேர்வுக்கு இடமில்லாமல் அது எம்2 போலவே நடந்துகொள்ளும். குறை என்று சொல்லப்படும் இது பலருக்கு நன்மையாகவே முடிகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள், எல்இடி விளக்கின் கீழ் தொங்கப்போகும் படத்துக்கு எம்2தான் பொருத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் சட்டமில்லாமல் பார்க்கப்போவதற்கு எம்1.

விற்பதற்கோ காட்சிக்கோ அச்சிடுகிறீர்கள் என்றால், ஒளிர்வேதிப்பொருள் இல்லாத காகிதத்துக்கு மாறிவிடுவதே இந்தத் தலைவலிக்கு நிரந்தர மருந்து. கேன்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் அப்படிப்பட்டது. அந்தப் பொருள் காலப்போக்கில் வலுவிழந்து தாளின் இயல்பான நிறம் வெளிப்படும் என்பதும் காரணம்.

மேசையில் சரி, சுவரில் மாட்டினால் வேறு நிறம்

புரொஃபைல் டி50 ஒளியைக் கற்பனைசெய்து எழுதப்படுகிறது. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ், அதுவும் நிறத்தைச் சரியாகக் காட்டாத மலிவு விளக்கின் கீழ், சாம்பல் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்வது இயற்கை. முதலில் விளக்கை மாற்றச் சொல்லுங்கள்: நிறக்காட்டுக் குறியீடு 90க்கு மேல் உள்ளது இன்று எளிதில் கிடைக்கிறது. படம் நிரந்தரமாக ஒரே அரங்கில், ஒரே விளக்கில் இருக்கப்போகிறது என்றால், ஆர்கிலில் அந்த விளக்கின் நிறமாலையை ஸ்பெக்ட்ரோவால் அளந்து அதற்கென்றே புரொஃபைல் செய்யலாம். வீட்டுக்குத் தொங்கவிடும் படத்துக்கு இது வேண்டாத பாடு.

மயில்கழுத்துச் சேலை வெறும் நீலமாகிவிட்டது

கல்யாணப் பட்டில் வரும் மயில்கழுத்து, ராமர் பச்சை, அரங்கின் நீல எல்இடி ஒளி ஆகியவை காகிதத்தின் நிறவெளிக்கு வெளியே நிற்பவை. இல்லாத மையை எந்தப் புரொஃபைலும் தராது. பி700, பி900 இரண்டிலும் ஊதா மை உண்டு, புரோ-1000இல் நீல மை உண்டு, புரோ-300இல் இல்லை. நீலத்தின் ஆழத்தில் தெரியும் வேறுபாட்டுக்கு இதுவே காரணம். மேட்டைவிடப் பரைட்டா அதிக நிறத்தைத் தாங்கும்.

செய்யக்கூடியது சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே முன்னோட்டம் பார்ப்பது. ஃபோட்டோஷாப்பில் 'புரூஃப் செட்அப்' வழியாகவோ, லைட்ரூமில் எஸ் விசையைத் தட்டியோ, பெர்செப்சுவல், ரிலேடிவ் என்ற நிறமாற்று முறைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பெர்செப்சுவல் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கி உறவைக் காக்கும். ரிலேடிவ் உள்ளே இருப்பதைத் தொடாமல் வெளியே இருப்பதை எல்லைக்கு இழுக்கும். சேலை மடிப்புகள் ஒன்றாகிப்போனால் முதலாவது, தோல் நிறம் முக்கியமானால் இரண்டாவது. படத்துக்குப் படம் மாறும், விதி கிடையாது. சாம்பலைத் தெளித்துக் காட்டும் நிறவெளி எச்சரிக்கையை நான் பார்ப்பதே இல்லை. எல்லையை ஒரு மயிரிழை தாண்டினதையும் மைல் கணக்கில் தாண்டினதையும் அது ஒன்றுபோலவே காட்டுகிறது.

நீலம் ஊதாவாகச் சாய்ந்தால் மட்டும் புரொஃபைல் செய்த மென்பொருளைச் சந்தேகிக்கலாம். நீலத்தைச் சுருக்கும் கணக்கில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு.

கறுப்பில் ஆழமில்லை, நிழலில் விவரம் மூழ்குகிறது

மேட் காகிதத்தில் கறுப்பின் எல் மதிப்பு (0 முழுக்கறுப்பு, 100 வெள்ளை) சுமார் 15க்குக் கீழே போவது கடினம். பரைட்டாவில் 5க்கும் கீழே இறங்கும். மேட் அச்சைப் பரைட்டாவோடு ஒப்பிட்டுப் புலம்புவதில் பயனில்லை. ரிலேடிவ் தேர்ந்தெடுக்கும்போது ஃபோட்டோஷாப்பில் 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' குறியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காகிதம் தாங்காத நிழல் விவரங்கள் எல்லாம் ஒரே கறுப்பில் விழும். லைட்ரூம் அதைத் தானே செய்துவிடுகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எட்டிப் பார்க்கிறது

நிறப் புரொஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம். எப்சனின் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்', கேனனின் கறுப்பு வெள்ளை முறை ஆகியவை சாம்பல் மைகளை அதிகமாகப் பயன்படுத்துவதால் சாயம் அடங்கும். தீவிரமாக இறங்குபவர்களுக்கு ராய் ஹாரிங்டனின் குவாட்டோன்ரிப் என்ற அச்சு மென்பொருள், எப்சன் பிரிண்டர்களுக்கு. அதில் ஸ்பெக்ட்ரோவால் 21 படிச் சாம்பல் பட்டையை அளந்து ஏற்றத்தைச் சீராக்கலாம்.

வானத்தில் பட்டை பட்டையாக

படத்தை 90 பாகை திருப்பி மறுபடி அச்சிடுங்கள். பட்டை தாளைப் பொறுத்து அதே திசையில் நின்றால் பிரிண்டர்: நாசிலை அல்லது அச்சுத்தலைச் சீரமைப்பைப் பாருங்கள். பட்டை வானத்தோடு சேர்ந்து திரும்பினால் கோப்பு அல்லது புரொஃபைல். கோப்பை 16 பிட்டில் திருத்தியும் போகாவிட்டால், வேறொரு புரொஃபைலில் அச்சிடுங்கள். அதில் மறைந்தால் உங்கள் அளவீட்டில் ஏதோ சில கட்டங்கள் தப்பியிருக்கின்றன. அதே தாளை மறுபடி அளந்தாலே போதும், மறுபடி அச்சிட வேண்டியதில்லை.

நேற்றுவரை சரியாக இருந்தது

அப்படியானால் ஏதோ மாறியிருக்கிறது. டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகு காகித வகைத் தேர்வோ, நிறத்திருத்தமோ பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு நாசில், பிறகு மை. வேறு மை ஊற்றுபவர்களுக்கு ஒவ்வொரு புது பாட்டிலும் சந்தேகத்துக்குரியதே. திரையைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? மாதம் ஒருமுறை போதும், ஆனால் வேண்டும்.

இந்த விசாரணை சுலபமாக வேண்டுமானால், எல்லாம் சரியாக இருக்கும் நாளிலேயே பொதுச் சோதனைப் படத்தை ஒவ்வொரு காகிதத்திலும் ஒன்று அச்சிட்டு, பின்பக்கம் தேதியும் காகித வகையும் பென்சிலால் எழுதி, வெளிச்சம் படாத உறையில் வையுங்கள். புரொஃபைல் கோப்பின் பெயரிலும் பிரிண்டர், காகிதம், டிரைவரின் காகித வகை, தேதி நான்கும் இருக்கட்டும். டிரைவரில் சேமித்த அமைப்புக்கும் அதே பெயர். சந்தேகம் வரும் நாளில் அதே படத்தை மறுபடி அச்சிட்டு உறையில் இருப்பதோடு ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், மாறியது அச்சல்ல. திரையையும் விளக்கையும் பாருங்கள்.